மாசம் 56 ஆயிரம் போன் - நெட் செலவு, நாங்களே நெட்வொர்க் போட்டு 21 ஆயிரத்துக்கு கொண்டுவந்த கதை

மொதல்லயே சொல்லிடறேன், நான் நெட்வொர்க் இன்ஜினியர் கிடையாது. பி.காம் படிச்சுட்டு திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்கறவன். ஆபீஸும் கட்டிங்கும் ஒரு பில்டிங்ல, ஸ்டிச்சிங் ரெண்டு இடத்துல, பேக்கிங் குடோன் தனியா, ஆக மொத்தம் நாலு இடம். ஒண்ணு 300 மீட்டர்ல இருக்கு, ஒண்ணு 600 மீட்டர், தூரமா இருக்கற ஸ்டிச்சிங் யூனிட் நேர்கோட்டுல 1.4 கிலோமீட்டர், ஆனா ரோட்ல போனா சிக்னல் எல்லாம் தாண்டி கால் மணி நேரம் ஆகும்.

2022ல நூல் விலை ஏறுன ஏத்தம் ஊர்ல எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், பழைய ரேட்ல ஆர்டர் எடுத்துட்டு புது ரேட்ல நூல் வாங்கி முழிச்சோம். அப்பதான் முதலாளி கூப்பிட்டு "தம்பி, நூல் விலைய நாம கொறைக்க முடியாது, கூலியிலயும் கை வைக்க முடியாது, வேற எங்கயாச்சும் காசு ஒழுகுதான்னு பாருப்பா"ன்னாரு. சரிங்கய்யான்னு சொல்லிட்டு வந்து ஒவ்வொரு லெட்ஜரா எடுத்தேன், டெலிபோன் அண்ட் இன்டர்நெட்னு ஒரு லெட்ஜர் இருந்துச்சு, அதை வருஷக்கணக்குல யாருமே தொறந்து பாக்கல, ஆட்டோ டெபிட்ல போய்ட்டே இருந்துச்சு.

ஜிஎஸ்டி இல்லாம சொல்றேன், ஏன்னா அந்த 18 சதவீதத்துக்கு நாம இன்புட் கிரெடிட் எடுத்துக்கறோம் (நாம கட்டவேண்டிய ஜிஎஸ்டில கழிச்சுக்கறோம்), அதையும் சேத்து "இவ்ளோ மிச்சம்"னு கணக்கு காட்டறது நம்மள நாமே ஏமாத்திக்கறது. பிஆர்ஐ லைன் (ஒரே லைன்ல பல கால் போற டெலிகாம் கம்பெனி லைன்) 8,500. ஆபீஸ்க்கு லீஸ்டு லைன் (நமக்குன்னே தனியா ஒதுக்கின இன்டர்நெட்) 15,000. நாலு இடத்துக்கும் தனித்தனி பிராட்பேண்ட் 4,800 (ஆபீஸ்ல லீஸ்டு லைன் இருக்கறப்பவே அங்க பிராட்பேண்ட் எதுக்குன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியல). சூப்பர்வைசர், மாஸ்டர், மெர்ச்சண்டைசர், டிரைவர்னு 46 போஸ்ட்பெய்டு சிம், ஒண்ணு 399, அது 18,354. எக்ஸ்டென்ஷன் போன் எல்லாத்தையும் இணைக்கற இபிஏபிஎக்ஸ் பொட்டிக்கு ஏஎம்சி (வருஷ பராமரிப்பு காசு) மாசக்கணக்குல 3,000. "மெர்ச்சண்டைசிங்க்கு 1 அழுத்தவும்" சொல்ற கிளவுட் சர்வீஸ் 6,500. கூட்டினா 56,154.

இதுல ஒரு வயரையும் தொடறதுக்கு முன்னாடி மூணு மாச பில்லை வச்சுக்கிட்டு உக்காந்தேன் பாருங்க, அதான் நான் செஞ்சதுலயே உருப்படியான வேலை. 46 சிம்ல 6 சிம் வேலைய விட்டு போனவங்க கையில இருந்துச்சு, அதுல ஒருத்தர் வேற கம்பெனில சேந்து ஒன்றரை வருஷம் ஆச்சு, நம்ம சிம்முலதான் நம்ம பையர்கிட்டயே பேசிட்டு இருந்திருக்காரு! மீதி ஆளுங்க பண்ற கால்ல பாதிக்கு மேல நம்ம ஆளுங்களுக்குள்ளயே. "பண்டில் இன்னும் வரல", "கழுத்து ரிப் கலர் மாறி வந்திருக்கு", "மெக்கானிக்க அனுப்புங்க", இவ்ளோதான். கால் எல்லாம் அன்லிமிடெட்தான, அப்புறம் எங்க செலவுன்னு கேப்பீங்க. செலவு கால்ல இல்லைங்க, தலைக்கு ஒரு வாடகைன்னு போகுது பாருங்க அதுல இருக்கு. கட்டிங்ல இருந்து பேக்கிங்க்கு பேசறதுக்கு எதுக்கு ஒரு ஆளுக்கு 399?

பிஆர்ஐ கதை இன்னும் மோசம். ஒரு பிஆர்ஐல ஒரே நேரத்துல 30 கால் போகும், 2.048 எம்பிபிஎஸ் பைப்ப 64 கேபிபிஎஸ்ஸா 32 துண்டு போட்டு அதுல 30 பேச்சுக்கு, ஒண்ணு சிக்னலிங்க்கு, ஒண்ணு சின்க்குக்கு. பழைய இபிஏபிஎக்ஸ் பொட்டில எந்த கால் எப்ப போச்சுங்கற விவரத்த வெளிய எடுக்கற போர்ட் ஒண்ணு இருந்துச்சு, அதுல ஒரு பழைய கம்ப்யூட்டர மாட்டி ஒரு மாசம் ஓடவிட்டேன். ஒரே நேரத்துல அதிகபட்சம் எத்தனை கால் ஓடுச்சு தெரியுமா, 7. ஷிப்மெண்ட் கிளம்புற சனிக்கிழமைல கூட 7தான்.

சரி, நாமளே போட்டுக்கலாம்னு முடிவு பண்ணோம். யோசனை ரொம்ப சிம்பிள். நாலு இடத்தையும் ரேடியோ லிங்க்ல ஒண்ணா கட்டிடறது, இன்டர்நெட் ஒரே இடத்துல வாங்கி எல்லாரும் அதுலயே போறது, உள்ளுக்குள்ள பேசற பேச்சு எல்லாம் நம்ம சொந்த கம்ப்யூட்டர் வழியா, வெளிய பேசறதுக்கு மட்டும் டெலிகாம் கம்பெனி லைன்.

கேபிள் இழுக்கலாம்னு மொதல்ல நெனச்சோம், ஆனா ரோட்டை தாண்டி இழுக்கணும்னா பர்மிஷன், கம்பத்துக்கு பர்மிஷன்னு அது பெரிய கதை, அதுவும் போக லேன் கேபிள் 100 மீட்டருக்கு மேல வேலைக்கு ஆகாது, ஃபைபர்தான் போடணும். ரேடியோன்னா 5 கிகாஹெர்ட்ஸ். 2018 அக்டோபர்ல வந்த அறிவிப்புக்கு அப்புறம் அந்த பட்டைல சொன்ன பவர் அளவுக்குள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம், ஆனா வாங்கற ரேடியோவுக்கு இடிஏ அப்ரூவல் (ரேடியோ கருவிக்கு அரசாங்கம் குடுக்கற அனுமதி) இருக்கணும், பில்லோட வாங்குங்க, எவனோ வெளிநாட்டுல இருந்து பொட்டியில கொண்டுவந்தத விலை கம்மின்னு வாங்கிடாதீங்க.

ரேடியோ லிங்க்ல எல்லாரும் பண்ற தப்ப நானும் பண்ணேன். மொட்டை மாடில நின்னு பாத்தா அந்தப் பக்கம் யூனிட் தண்ணி டேங்க் தெரியுது, அப்ப லைன் கிளியர்னு நெனச்சு மாட்டிட்டோம். கனெக்ட் ஆச்சு, ஆனா ஸ்பீடு ஒரு நேரம் ஒரு மாதிரி. கண்ணுக்கு தெரிஞ்சா பத்தாது, சிக்னல் ஒரு கம்பி மாதிரி நேரா போகாது, நடுவுல வயிறு பெருத்த மாதிரி விரிஞ்சு போகும், அதை ஃப்ரெனல் ஸோன்னு சொல்றாங்க. 5.8 கிகாஹெர்ட்ஸ்ல 1.4 கிலோமீட்டருக்கு நடுப்பகுதில அந்த வயிறோட ஆரம் 4.25 மீட்டர் வரும், அதுல 60 சதவீதமாச்சும், அதாவது இரண்டரை மீட்டர், சுத்தியும் காலியா இருக்கணும். எங்களுக்கு நடுவுல ஒரு தென்னந்தோப்பு, காத்தடிச்சா மட்டை ஆடி ஆடி சிக்னல தின்னுட்டு இருந்துச்சு. ரேடியோ மாட்டின கம்பம், அதான் மாஸ்ட், அதை 12 அடி ஒசத்தினதும் சரியாச்சு. அந்த ஒசத்தற வேலைக்கு வெல்டர், ஸ்டே கம்பி, மறுபடியும் எர்த்திங்னு ஆன செலவு, மொதல்லயே சரியா பாத்திருந்தா ஆகியிருக்காது.

எர்த்திங்ல மட்டும் கஞ்சத்தனம் பண்ணிடாதீங்க. ஏப்ரல் கடைசில கோடை மழை, ஒரே ஒரு இடி, மாஸ்ட் மேல விழக்கூட இல்ல, எங்கயோ பக்கத்துல. குடோன் ரேடியோ, அதுக்கு பவர் குடுக்கற பிஓஇ ஸ்விட்ச்சு, அதுல மாட்டியிருந்த ரெண்டு போன், எல்லாம் ஒரே நேரத்துல போச்சு. எங்க எலக்ட்ரீசியன் அண்ணன் வந்து பாத்துட்டு "ஏனுங்க, மேல இவ்ளோ பெரிய கம்பிய நட்டு வச்சுட்டு கீழ எர்த்து போடாம விட்டா அது இடிய வாங்க வாங்கன்னு கூப்பிடாதுங்களா"ன்னாரு. இப்ப ஒவ்வொரு மாஸ்ட்டுக்கும் தனி எர்த் குழி, கேபிள் கட்டடத்துக்குள்ள நுழையற இடத்துல சர்ஜ் அரெஸ்டர். அதுக்கப்புறம் ரெண்டு கோடை தாண்டிடுச்சு.

போன் எக்ஸ்சேஞ்ச்க்கு ஆஸ்டரிஸ்க். 1999ல மார்க் ஸ்பென்சர்னு ஒருத்தர் எழுத ஆரம்பிச்ச சாஃப்ட்வேர், காசு இல்ல, அதுமேல ஃப்ரீபிபிஎக்ஸ்னு ஒரு வெப் முகப்பு போட்டுக்கிட்டா எக்ஸ்டென்ஷன் போடறது, ஐவிஆர் (அந்த "1 அழுத்தவும்" குரல்) போடறது எல்லாம் கிளிக் பண்ணியே பண்ணலாம். பெரிய சர்வர் எல்லாம் வேண்டாங்க, ஒரு மினி பிசி போதும். நான் ரெண்டு வாங்கி ஒண்ண அப்படியே காப்பி எடுத்து ரெடியா வச்சிருக்கேன், ஒண்ணு படுத்தா பிளக்க மாத்தறதுதான் வேலை. பேச்சுக்கு பேண்ட்வித் ரொம்ப கம்மி, பேச்ச டேட்டாவா மாத்தற ஜி.711 கோடெக்ல ஒரு காலுக்கு ஒரு பக்கத்துக்கு சுமார் 87 கேபிபிஎஸ், பத்து பேர் ஒரே நேரத்துல பேசினாலும் 1 எம்பிபிஎஸ் தாண்டாது.

அப்புறம் ஏன் மொத வாரம் பேச்சு வெட்டி வெட்டி வந்துச்சு? சிசிடிவி. குடோன்ல 16 கேமரா, ஒவ்வொண்ணும் 4 எம்பிபிஎஸ், அதை அங்கயே ரெக்கார்ட் பண்ணாம ஆபீஸ்ல பாக்கணும்னு மொத்தத்தையும் லிங்க்ல விட்டிருந்தோம், 64 எம்பிபிஎஸ் நிக்காம ஓடிட்டு இருந்துச்சு. ரெக்கார்டர குடோன்லயே வச்சு, தேவைப்பட்டா மட்டும் ஆபீஸ்ல இருந்து பாக்கற மாதிரி மாத்தி, வாய்ஸ்க்கு தனி விலான் (அதே நெட்வொர்க்குள்ள பிரிச்சு விட்ட தனி பாதை) போட்டு அதுக்கு முன்னுரிமை குடுத்ததும் சரி. போன் ரிங் ஆகுது, ஒருத்தர் பேசறது மட்டும் கேக்குது, மத்தவர் பேசறது கேக்கலன்னா, பத்துல எட்டு தடவ ரவுட்டர்ல எஸ்ஐபி ஏஎல்ஜின்னு ஒரு செட்டிங் ஆன்ல இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க. இதை கண்டுபிடிக்க எனக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு.

ஃபேக்டரிக்குன்னே சில தலைவலி இருக்கு, அது எந்த வீடியோலயும் சொல்ல மாட்டாங்க. பஞ்சு. ஸ்டிச்சிங் ஹால்ல ஃபேன் வச்ச ஸ்விட்ச் வச்சா மூணு மாசத்துல ஃபேன் உள்ள மெத்தை மாதிரி பஞ்சு அடைச்சு சூடாகி படுத்துடும், ஃபேன் இல்லாத மாடலா பாத்து வாங்குங்க. கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கற அந்த பத்து செகண்ட்ல ஸ்விட்ச் ஆஃப் ஆகி திரும்ப எல்லா போனும் ரிஜிஸ்டர் ஆக மூணு நிமிஷம் ஆகும், அதனால ஒவ்வொரு ரேக்குக்கும் சின்ன யுபிஎஸ் கட்டாயம். 80 மிஷின் ஓடற ஹால்ல போன் மணி அடிச்சா யாருக்கு கேக்கும்? சிவப்பு லைட் சுத்தற மாதிரி ஒண்ண போனோட இணைச்சு வச்சோம்.

சூப்பர்வைசருங்க சொந்த ஆண்ட்ராய்டு போன்ல சாஃப்ட்போன் ஆப் போட்டு வைஃபைல பேசட்டும்னுதான் என் மொத பிளான், சிம் காச மொத்தமா மிச்சம் பிடிச்சுடலாம்னு. அது பாதிதான் நடந்துச்சு. பேட்டரிய மிச்சம் பண்றேன்னு போனே அந்த ஆப்ப பின்னாடி கொன்னுடுது, கால் வந்தா அடிக்கறதில்ல. நல்லா யோசிச்சா அவங்க சொந்த போன்ல நம்ம வேலைக்கு ஆப் போடச் சொல்றதே அவ்ளோ நியாயமும் இல்ல. அதனால 22 ஐபி போன் வாங்கி லைனுக்கு ஒண்ணு, டேபிளுக்கு ஒண்ணுன்னு வச்சாச்சு. வெளிய அலையற டிரைவர், மெர்ச்சண்டைசர், ஃபீல்டு க்யூசின்னு 15 பேருக்கு மட்டும் சிம். எதிர்பாக்காத லாபம் ஒண்ணு, ஹார்ன் ஸ்பீக்கர்ல பேஜிங். போன்ல ஒரு நம்பர அழுத்தி "நாலாவது லைனுக்கு மெக்கானிக் வாங்க"ன்னு சொன்னா ஹால் முழுக்க கேக்கும். லைன் நிக்கற நேரம் கொறஞ்சுச்சுன்னு புரொடக்ஷன் மேனேஜர் சொல்றாரு, நான் அதை கணக்குல சேக்கல, அளந்து பாக்கல.

வெளி லைன் விஷயத்துல சட்டம் இருக்கு, இதை கொஞ்சம் நிதானமா படிங்க. பிஆர்ஐ குடுத்த அதே டெலிகாம் கம்பெனிகிட்டயே 10 சேனல் எஸ்ஐபி டிரங்க்கா (டேட்டா லைன்லயே வர்ற வெளி லைன், ஒரே நேரத்துல 10 கால்) மாத்தி வாங்கினோம், விசிட்டிங் கார்டுல இருக்கற பழைய நம்பரும் தங்குச்சு, செலவு 4,800 ஆச்சு. நாமளே நெட்வொர்க் போடறோம்ங்கறதுக்காக வெளி உலகத்துக்கு போற வாசலையும் நாமளே திறக்க முடியாது. ஒரு புரோக்கர் வந்து "சிம்பாக்ஸ் ஒண்ணு வச்சா இன்னும் கொறையும், வெளிநாட்டு கால் கூட லோக்கல் காலா இறங்கும்"னாரு. அது நேரா போலீஸ் கேஸ், வெளிநாட்டு கால இன்டர்நெட்ல கொண்டுவந்து லோக்கல் சிம்ல இறக்கறது குற்றம், அந்த ஆள வாசல்லயே அனுப்பிடுங்க. அதே மாதிரி வேற ஊர் பிராஞ்ச்ல இருக்கற லேண்ட்லைன் வழியா எஸ்டிடி கால தள்ளற வேலைக்கு டோல் பைபாஸ்னு பேரு, அதுலயும் நாங்க இறங்கல. பக்கத்து கம்பெனிக்காரரு நல்ல மனுஷன், எங்க நெட்டையே ஒரு லிங்க்ல குடுங்க பாதி காசு தரேன்னாரு. இன்டர்நெட்ட வாங்கி விக்கறதுக்கு ஐஎஸ்பி லைசென்ஸ் வேணுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்கன்னு டீ வாங்கி குடுத்து அனுப்பிட்டேன்.

இப்ப என் பெரிய தப்பு. முதலாளி வெளிநாட்டுல ஒரு ஃபேர்க்கு போனாரு, அங்க இருந்து எக்ஸ்டென்ஷன்ல பேசணும்னாரு. நான் அவசரத்துல ரவுட்டர்ல போன் எக்ஸ்சேஞ்ச்சோட வாசலான 5060 போர்ட்ட இன்டர்நெட்டுக்கு திறந்து விட்டுட்டேன். ரெண்டாவது நாள் லாக்க பாக்கறேன், நிமிஷத்துக்கு நூத்துக்கணக்குல எவன் எவனோ பாஸ்வேர்ட் அடிச்சு பாத்துட்டு இருக்கான். 205ங்கற எக்ஸ்டென்ஷனுக்கு பாஸ்வேர்டும் 205. சோதனைக்கு போட்டது, மாத்த மறந்துட்டேன். ராத்திரி 2 மணில இருந்து 5 மணி வரைக்கும் பேரே கேள்விப்படாத நாட்டுக்கு எல்லாம் கால் போயிருக்கு, பில்லுல 11 ஆயிரத்து சொச்சம். டெலிகாம் கம்பெனிய குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல, கதவ நான்தான் திறந்து வச்சேன். முதலாளிகிட்ட போய் சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, "நூலு கான்டிராக்ட்ல நான் விட்டத விட கம்மிதான் போ"ன்னாரு.

அன்னைக்கே ஐஎஸ்டிய டிரங்க்லயே மூடச் சொல்லி எழுதிக் குடுத்தேன். தேவைப்படற ரெண்டு எக்ஸ்டென்ஷனுக்கு மட்டும் பின் நம்பரோட அப்புறம் திறந்தது. பாஸ்வேர்ட் எல்லாம் 20 எழுத்து, மிஷினே உருவாக்கினது. 5060 மூடியாச்சு, வெளிய இருந்து வரணும்னா வயர்கார்டு விபிஎன் (இன்டர்நெட்டுக்குள்ள பூட்டு போட்ட தனி பாதை) வழியாதான், 2020ல இருந்து அது லினக்ஸ் கெர்னல்லயே இருக்கு, செட்டப் அரை மணி நேர வேலை. அப்படி வந்தாலும் உள் எக்ஸ்டென்ஷன்கள மட்டும்தான் கூப்பிட முடியும், வெளிநாட்டுல இருந்து நெட்ல வந்து நம்ம லைன் வழியா இங்க ஒரு மொபைலுக்கு போற வழிய வச்சிருக்கல, அதுவும் மேல சொன்ன சட்டப் பிரச்சனைலதான் வரும்.

இன்னொன்னு. ஆசைல மெயில் சர்வரையும் நாமளே போட்டுக்கலாம்னு இறங்கினேன். எஸ்பிஎஃப், டிகேஐஎம் (மெயில் நிஜமா நம்மகிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டற அடையாளங்க) எல்லாம் சரியா போட்டும் பையரோட ஆபீஸ்ல ஸ்பேம்ல விழுந்துச்சு, ஒரு சாம்பிள் அப்ரூவல் மெயில் மூணு நாள் கழிச்சுதான் பாத்திருக்காங்க. அடுத்த நாளே காசு கட்டற மெயிலுக்கே திரும்பிட்டோம். அதுல மிச்சம் பண்ணி ஆர்டர விடறதுக்கு நாம ஒண்ணும் முட்டாள் இல்ல.

லீஸ்டு லைன எடுத்துட்டு வேற வேற கம்பெனியோட ரெண்டு ஃபைபர் பிராட்பேண்ட் வச்சோம், மொத்தம் 4,600. ஒண்ணு போனா இன்னொன்னுக்கு தானா மாறும். ரெண்டும் ஒரே கம்பத்துல வருதான்னு பாத்துக்கங்க, எங்களுக்கு மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு, ரோடு வேலை பாத்த ஜேசிபி ஒரே இழுப்புல ரெண்டையும் இழுத்துட்டு போச்சு. இப்ப ஒண்ணு முன் ரோட்ல இருந்து, ஒண்ணு பின் சந்துல இருந்து வருது.

கணக்குக்கு வரேன். மொத முதலீடு: மினி பிசி ரெண்டு 60,000, ரேடியோ மூணு ஜோடி 75,000, மாஸ்ட்டும் எர்த்திங்கும் 55,000, பிஓஇ ஸ்விட்ச் 48,000, போன் 72,600, யுபிஎஸ் கேபிள் ரேக் எல்லாம் 40,000. மூன்றரை லட்சம்னு வச்சுக்கங்க. இப்ப மாசச் செலவு பிராட்பேண்ட் 4,600, டிரங்க் 4,800, சிம் 5,985, மாஸ்ட் ஏறி பாக்கற பையனுக்கு 2,500, இது போக மாசம் 3,000 ஸ்பேர்க்குன்னு தனியா எடுத்து வைக்கறேன். ஆக 20,885. மிச்சம் 35,269, பத்து மாசத்துல போட்ட காசு வந்துடணும். இடி, ஐஎஸ்டி கூத்து எல்லாம் சேத்து எங்களுக்கு பன்னண்டு மாசம் ஆச்சு. அந்த ஸ்பேர் காச செலவுல காட்டாம கணக்கு போடறவங்கதான் "எல்லாம் ஃப்ரீ"ன்னு சொல்லிட்டு திரியறாங்க.

ஆனா இதுல என் நேரம் இல்ல. மொத ஆறு மாசம் ஞாயித்துக்கிழமை எல்லாம் மாடிலதான் இருந்தேன், வீட்ல திட்டு. அதவிட பயந்தது எனக்கு காய்ச்சல் வந்து நாலு நாள் படுத்தப்ப. கால் ரெக்கார்டிங் நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 1 எம்பி ஏறும், பழச அழிக்க செட் பண்ணாம விட்டிருந்தேன், டிஸ்க் நெறஞ்சு மொத்த போனும் நின்னுச்சு, பாஸ்வேர்ட் என் மண்டைக்குள்ள மட்டும் இருந்துச்சு. அதுக்கப்புறம் எந்த வயர் எங்க போகுதுன்னு தமிழ்லயே எழுதி ஒவ்வொரு ரேக் கதவுலயும் ஒட்டியாச்சு, பாஸ்வேர்ட் எல்லாம் கவர்ல சீல் வச்சு முதலாளி லாக்கர்ல இருக்கு, பேக்கிங்ல வேலை பாக்கற ஒரு டிப்ளமோ பொண்ணுக்கு சொல்லிக் குடுத்து இப்ப அது என்னை விட நல்லா பாத்துக்குது. செக்யூரிட்டி ரூம்ல மட்டும் இதுல எதையும் நம்பாத ஒரு சாதா பட்டன் மொபைல் எப்பவும் சார்ஜ்ல இருக்கும், தீப்பிடிச்சா 112க்கு போடறதுக்கு எங்க நெட்வொர்க் உயிரோட இருக்கணும்னு அவசியம் இருக்கக்கூடாது.

இப்போதைக்கு ஓடிட்டு இருக்கு. போன வாரம் தூரத்து யூனிட் லிங்க்ல சிக்னல் கொஞ்சம் கொஞ்சமா இறங்குதேன்னு மாடி ஏறி பாத்தா, நடுவுல ஒரு அபார்ட்மெண்ட்காரங்க மூணாவது மாடிக்கு கம்பி கட்டிட்டு இருக்காங்க. மேஸ்திரிகிட்ட போய் எத்தனை மாடிங்கன்னு கேட்டேன், "அஞ்சுங்க"ன்னாரு. மாஸ்ட்ட இன்னும் ஒசத்தறதா, இல்ல 600 மீட்டர் குடோன் வழியா சுத்தி விடறதான்னு வர்ற ஞாயித்துக்கிழமை அந்த பொண்ணும் நானும் பைனாகுலரோட மேல ஏறி பாக்கணும்.